மணிச்சத்தை வேருக்கு எடுத்துவரும் பூஞ்சை: வேர் உட்பூசணத்தைப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

ஆறு வாரமான சின்ன வெங்காயச் செடி ஒன்றை மண்ணோடு அள்ளி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று சேமியா மாதிரி கொஞ்சம் வேர்கள் தொங்கும். கிளை அதிகம் இருக்காது. வேர்த்தூவியும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பக்கத்து வரப்பில் ஒரு புல்லைப் பிடுங்கி அலசினால், நுனி வரைக்கும் பஞ்சு போலத் தூவி படர்ந்திருக்கும். இவ்வளவு ஏழ்மையான வேரை வைத்துக்கொண்டு வெங்காயம் மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எப்படி எடுக்கிறது?

தனியாக எடுப்பதில்லை. வேருக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சைதான் வெளியே நூல் விட்டு மண்ணைத் துழாவி மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறது. வேளாண் துறைப் புத்தகங்களில் இதற்கு வேர் உட்பூசணம் என்று பெயர். உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மைக்கோரைசா என்ற பெயரை 1885-ல் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களின் கூட்டு அது. பைன் மரங்களில் வேரின் மேல் உறை போட்டது போல வளரும் வேறொரு வகை உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன். நம் வயலிலும் தோட்டத்திலும் பெரும்பாலும் வேலை செய்வது வேருக்கு உள்ளே நுழையும் வகைதான்.

இதைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படுவதில் பாதி சரி, பாதி மிகை. "வேம் போட்டால் மணிச்சத்து உரமே வேண்டாம்" என்பது மிகை. "நம் மண்ணில் இதெல்லாம் வேலை செய்யாது" என்பதும் தவறு. எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைக் காரணத்தோடு தெரிந்துகொண்டால் காசும் வீணாகாது, நம்பிக்கையும் வீணாகாது.

முதலில் காரணம்: மணிச்சத்துக்கு மட்டும் ஏன் ஆள் தேவை?

தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம் தண்ணீரோடு ஓடும். செடி தண்ணீரை உறிஞ்சினால் அதுவும் கூடவே வந்துவிடும். மணிச்சத்து அப்படி நகராது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கரிசலில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. மண் நீரில் கரைந்து நிற்கும் அளவு மிகச் சொற்பம். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிவிடும். அதற்கு அப்பால் மணிச்சத்து இருக்கும், ஆனால் வேர் இருக்கும் இடத்துக்கு வராது. அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போக ஒரு வழி வேண்டும்.

இங்கேதான் பூஞ்சை இழை வருகிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மெல்லிய வேர் ஒன்றின் தடிமன் 0.3 மி.மீ., இழையின் தடிமன் 0.003 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடிமனில் நூறு மடங்கு வித்தியாசம் என்றால் குறுக்குப் பரப்பில் பத்தாயிரம் மடங்கு. அதாவது ஒரு சென்டிமீட்டர் வேர் கட்ட ஆகும் பொருளில் நூறு மீட்டர் இழை நெய்யலாம். செடிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் போகும். வேரும் தூவியும் நுழைய முடியாத மண் துகள் இடுக்கெல்லாம் நுழையும். நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள்ளேயே மீட்டர் கணக்கில் இழை ஓடியிருக்கும்.

பேச்சைத் தொடங்குவது செடிதான். மணிச்சத்துப் பஞ்சம் வந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை அதிகமாகக் கசியவிடும். அதை உணர்ந்த பூஞ்சை இழை கிளைத்து வேரை நோக்கி வரும். இந்தக் குடும்பத்துப் பொருளை முதலில் 1966-ல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சோளத்திலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியின் விதையை முளைக்க வைப்பது இதுதான் என்று அப்போது தெரிந்தது. தன் எதிரியை எழுப்பும் பொருளைச் செடி எதற்காகக் கசியவிட வேண்டும் என்ற கேள்விக்கு 2005-ல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள்: அது பூஞ்சைக்கு விடும் அழைப்பு. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டுக்கொண்டு வருகிறது.

வேருக்குள் நுழைந்த இழை, உயிரணுச் சுவரைக் கடந்து உள்ளே போய், குட்டி மரம் மாதிரி பலவாகக் கிளைக்கும். ஆர்பஸ்கியூல் என்று இதைச் சொல்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் நடப்பது இங்கேதான். வெளியே சேகரித்த மணிச்சத்தை பாலிபாஸ்பேட் சங்கிலியாகக் கோத்து, இழைக்குள் அனுப்பி, இங்கே பிரித்துச் செடியிடம் ஒப்படைக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தரும். கொழுப்பைப் பற்றி 2017-ல்தான் உறுதியானது. இந்தப் பூஞ்சைகளால் தமக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. ஒளிச்சேர்க்கையில் கிடைப்பதில் 4 முதல் 20 சதவீதம் வரை இந்தக் கூலிக்குப் போகிறது. ஒரு ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாட்கள்தான். பழையது கரைய, புதியது முளைக்கும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்குச் சரியான வேர்கூட இல்லை. ஆனால் தண்டின் அடிப்பகுதிக்குள் ஆர்பஸ்கியூல் இருக்கிறது. வேர் உருவாவதற்கு முன்பே செடிக்குப் பூஞ்சை துணை இருந்திருக்கிறது.

இரண்டு விஷயங்களை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பூஞ்சை மணிச்சத்தைச் சுமந்து வரும் ஆள். உற்பத்தி செய்யும் ஆள் இல்லை. ராக் பாஸ்பேட் என்ற மணிச்சத்துப் பாறைப் பொடியைக் கரைக்கும் வேலையைத் தானாகப் பெரிதாகச் செய்யாது. கரைப்பது பாஸ்போபாக்டீரியாவின் வேலை. கரைந்ததை உடனே அள்ளிக்கொண்டு வருவது இழையின் வேலை. அதனால்தான் இரண்டையும் சேர்த்து இடச் சொல்கிறார்கள். இன்னொன்று, செடி பெரிதாகவில்லை என்பதால் பூஞ்சை சும்மா இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கதிரியக்க மணிச்சத்தை வைத்துத் தடம் பார்த்த ஆய்வுகளில், வளர்ச்சியில் வித்தியாசமே தெரியாத செடிகளிலும் மணிச்சத்தின் பெரும்பங்கு பூஞ்சை வழியாகவே வந்திருந்தது. பூஞ்சை வந்ததும் செடி தன் சொந்த உறிஞ்சும் வழியைச் சுருக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

முதல் படி: மண்ணில் எவ்வளவு மணிச்சத்து இருக்கிறது என்று பாருங்கள்

மண் பரிசோதனை செய்யாமல் வேம் வாங்காதீர்கள். தமிழ்நாட்டு மண் பரிசோதனை அறிக்கைகளில் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22-க்கு மேலே அதிகம் என்பது வழக்கமான பிரிவு. குறைவு, நடுத்தரம் என்று வந்தால் பூஞ்சைக்கு வேலை இருக்கிறது. ஆண்டாண்டாக மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி உரம் கொட்டிய காய்கறித் தோட்டங்களில் அதிகம் என்றே வரும். அங்கே செடிக்கு ஆள் தேவைப்படாது, அழைப்பும் விடாது. பூஞ்சையை வெளியிலிருந்து கொண்டுபோய் வைத்தாலும் வேருக்குள் அதிகம் பரவாது. அந்த மண்ணில் செய்ய வேண்டியது மணிச்சத்து உரத்தைக் குறைப்பதுதான், வேம் அப்புறம்.

துத்தநாக அளவையும் பாருங்கள். அதுவும் மணிச்சத்து போலவே நகராத சத்து. இழைகள் அதையும் கொண்டுவரும். மணிச்சத்தை மிதமிஞ்சிப் போட்ட மக்காச்சோளத்தில் துத்தநாகக் குறைபாடு வருவதற்கு, பூஞ்சை ஒதுங்கிப்போவதும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: உங்கள் பயிர் இந்தக் கூட்டுக்கு வருமா?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு இவை ஒரே குடும்பம். இவை இந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட் அடங்கிய குடும்பமும் அப்படித்தான். நான் முதன்முதலில் வேம் வாங்கியபோது கீரைப் பாத்திக்கும் முள்ளங்கிப் பாத்திக்கும்தான் முழுவதையும் தூவினேன். விற்றவர் எல்லாப் பயிருக்கும் போடலாம் என்று சொன்னார், நம்பினேன். அந்த இரண்டு பாத்திக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் இந்த ஒரு தகவல் முதலில் போய்ச் சேர வேண்டும். வெந்தயம், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றையும் கீரைக்கட்டோடு சேர்த்தே வாங்குகிறோம். ஆனால் அவை வேறு குடும்பம், பூஞ்சையைச் சேர்க்கும்.

நன்றாகப் பலன் காட்டும் பயிர்கள் வேர் தடித்தவை, தூவி குறைந்தவை: வெங்காயம், மரவள்ளி, எலுமிச்சை, நாரத்தை வகைகள். மரவள்ளி ஒரு நல்ல உதாரணம். சத்து நீரில் பூஞ்சை இல்லாமல் வளர்த்தால் மணிச்சத்துக்கு அலையும் பயிர் அது. அதே மரவள்ளி வறண்ட மேட்டு மண்ணில், உரமே காணாத இடத்தில் கிழங்கு வைக்கிறது. அந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் பூஞ்சை. மிளகாய், தக்காளி, கத்தரி, மக்காச்சோளம், வாழை, பப்பாளி எல்லாம் சேரும். உளுந்து, துவரை, நிலக்கடலை போன்ற பயறு வகைகளில் வேர் முடிச்சுக்கு மணிச்சத்து நிறைய வேண்டும் என்பதால் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவும் வேமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

எலுமிச்சைக் குடும்பத்தைச் சொன்னதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஆரஞ்சு நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளைக் கொல்ல மண்ணுக்கு நச்சுப்புகை ஏற்றினார்கள். கிருமி செத்தது. ஆனால் நாற்றுகள் விரலளவில் நின்று வெளிறிப்போயின. மருந்தின் நச்சு மண்ணில் தங்கிவிட்டது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1972-ல் வந்த ஆய்வு, கிருமியோடு சேர்ந்து வேர் உட்பூசணமும் அழிந்துபோனதே காரணம் என்று காட்டியது. பூஞ்சையைத் திருப்பிக் கொடுத்ததும் நாற்றுகள் எழுந்தன.

மூன்றாம் படி: ஏற்கெனவே இருக்கிறதா, இல்லாத இடமா?

இதுதான் தீர்மானமான கேள்வி. உழுது பயிர் செய்துவரும் பெரும்பாலான வயல்களில் நாட்டுப் பூஞ்சை ஏற்கெனவே இருக்கும். அங்கே பாக்கெட் பூஞ்சையைத் தூவினால் சில சமயம் பலன் தெரியும், பல சமயம் தெரியாது. ஆனால் பூஞ்சை இல்லாத, அல்லது மிக அரிதான இடங்கள் சில உண்டு. தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டு, திசு வளர்ப்பு வாழைக் கன்று, சூரிய வெப்பமோ நீராவியோ ஏற்றிய நாற்றங்கால் மண், மேல்மண் சுரண்டிய நிலம், மாடித் தோட்டத்துப் பை. கையில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தால் அதை இங்கேதான் போடுவேன்.

நாட்டுப் பூஞ்சை மெலிந்துபோகும் இடங்களும் உண்டு. மாதக்கணக்கில் நீர் தேங்கிய நெல் வயல், காலிஃபிளவர் எடுத்த நிலம், நீண்ட நாள் செடியே இல்லாமல் தரிசாகக் கிடந்த நிலம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரிசலில் மழைநீரைச் சேமிக்க நிலத்தை ஓராண்டுக்கும் மேல் வெறுமனே போடுவார்கள். அடுத்துப் போட்ட சூரியகாந்தியும் ஆளியும் நல்ல ஈரம் இருந்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாமல் குன்றிப்போயின. நீள்தரிசு நோய் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். செடி இல்லாத காலத்தில் பூஞ்சை பட்டினி கிடந்து குறைந்துபோனதே காரணம் என்று 1987-ல் தெளிவானது.

நான்காம் படி: வாங்குவதும் இடுவதும்

இந்தப் பூஞ்சையை உயிருள்ள வேர் இல்லாமல் வளர்க்க முடியாது. பாக்டீரியா போலத் தொட்டியில் பெருக்க வழியில்லை. அதனால் மக்காச்சோளம் போன்ற செடியின் வேரில் வளர்த்து, வேரையும் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளையும் சேர்த்துப் பொடித்துத் தருவார்கள். அல்லது ஆய்வகத்தில் கேரட் வேரைத் தனியாக வளர்த்து அதில் பெருக்குவார்கள். மைக்கோரைசா உயிர் உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. எனவே பாக்கெட்டில் பூஞ்சையின் பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்து (பூஞ்சைக்கு விதை போன்றது), தயாரித்த நாள், காலாவதி நாள் நான்கும் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பாக்கெட்டை வாங்காதீர்கள்.

இடும்போது ஒரே விதி: பொடி வேரைத் தொட வேண்டும். மேலே தூவிவிட்டால் அது வேருக்கு நடந்து வராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுகள் இவை. நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும் ஆழத்துக்குக் கீழே 2, 3 செ.மீ. விட்டு. நாற்றுப் பைக்கு 5 முதல் 10 கிராம். வயலில் நடும் கன்றின் குழியில் 20 கிராம். வளர்ந்து நிற்கும் மரத்துக்கு 200 கிராம், ஊட்டு வேர் ஓடும் வட்டத்தில் மண்ணைக் கிளறி. நாற்றங்காலிலேயே கொடுத்துவிடுவதுதான் சிக்கனம். விதை முளைத்து முதல் வேர் கீழே இறங்கும்போதே பூஞ்சையைச் சந்தித்துவிடும். வயலுக்கு அது வேரோடு போய்விடும்.

கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதை நேர்த்தியையோ வேரில் ஊற்றுவதையோ இதோடு சேர்க்காதீர்கள். அந்தக் குடும்பத்து மருந்துகள் வேர் உட்பூசணத்தையும் முடக்கும். கட்டாயம் என்றால் மருந்து முதலில், இரண்டு மூன்று வாரம் கழித்து வேம்.

ஐந்தாம் படி: உரத்தை எவ்வளவு குறைப்பது?

குழித்தட்டில் வேம் கலந்துவிட்டு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை வாரம் இரண்டு முறை தெளித்து ஊற்றும் பழக்கம் பல நாற்றுப் பண்ணைகளில் இருக்கிறது. அது பூஞ்சையை உள்ளே அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி. மணிச்சத்து குறைந்த உரக் கலவைக்கு மாறுங்கள்.

வயலில், பரிந்துரைத்த மணிச்சத்தில் கால்பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் தொட வேண்டாம். மொத்தமாக நிறுத்த வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அறுவடையோடு மணிச்சத்து வெளியே போகிறது. ஒரு டன் மக்காச்சோள மணியில் மட்டும், தனிமக் கணக்கில், சுமார் 3 கிலோ போய்விடும். பூஞ்சை இருப்பைத் தேடித் தரும், ஆனால் இருப்பைக் கூட்டாது. தொழு உரமும் ராக் பாஸ்பேட்டும் பாஸ்போபாக்டீரியாவும் அந்த இருப்பை மெதுவாக நிரப்பும். மெதுவாகக் கிடைக்கும் மணிச்சத்துதான் பூஞ்சைக்கும் ஒத்துப்போகும்.

ஆறாம் படி: வந்ததைக் கலைக்காமல் வைத்திருப்பது

மண்ணுக்குள் இழைகள் வலையாக இருக்கின்றன. புதிதாக முளைக்கும் வேர் அந்த வலையில் போய் மாட்டிக்கொண்டால், வித்து முளைத்துக் கூட்டு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரோட்டவேட்டரை ஓட்டினால் வலை துண்டுதுண்டாகிவிடும். பூஞ்சை சாகாது, ஆனால் பயிருக்கு மணிச்சத்து மிக அவசியமான முதல் மூன்று நான்கு வாரங்களில் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும். எனவே உழவைத் தேவைக்கு மட்டும் வையுங்கள். இரண்டு பயிருக்கு நடுவே நிலத்தை வெறுமனே போடாமல் கொழுஞ்சி, தட்டைப்பயறு, கம்பு, சோளம் எதையாவது விதைத்து உயிருள்ள வேரை வைத்திருங்கள். காலிஃபிளவருக்கு அடுத்து நேராக வெங்காயம் வைக்காமல் நடுவில் ஒரு பயறு போடுவது நல்லது.

ஏழாம் படி: உங்கள் மண்ணில் நீங்களே சோதிப்பது

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் சேர்த்து. இரண்டு மாதத்தில் உங்கள் மண்ணே பதில் சொல்லிவிடும்.

மணிச்சத்து குறைந்த செம்மண்ணும் ஆற்று மணலும் சம அளவு கலந்து மூன்றில் இரண்டு பங்கைக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு முறை. மீதி ஒரு பங்கு வேகாத பச்சை மண்ணாகவே இருக்கட்டும். இரண்டு கிலோ பிடிக்கும் தொட்டிகளில், வெந்த மண்ணில் நான்கு வகை: வேம் உண்டு அல்லது இல்லை, ஒவ்வொன்றிலும் சூப்பர் பாஸ்பேட் உண்டு அல்லது இல்லை. பச்சை மண்ணில், சூப்பர் இல்லாமல், வேம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. வகைக்கு ஐந்து தொட்டி. ஐந்துக்குக் குறைந்தால் ஒரு செடி வாடினாலும் கணக்கு குழம்பிவிடும். வேம் தொட்டிக்கு 20 கிராம். சூப்பர் தொட்டிக்கு ஒன்றரை கிராம். யூரியா எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, 0.4 கிராம், இரண்டு தவணையாக.

இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள்: வேம் இல்லாத தொட்டியை வெறுமனே விட்டுவிடுவார்கள். பாக்கெட்டில் பூஞ்சை மட்டும் இல்லை. வெர்மிகுலைட்டும் கொஞ்சம் சத்தும் பாக்டீரியாவும் இருக்கின்றன. எனவே அதே பாக்கெட்டின் 20 கிராமைக் குக்கரில் வேகவைத்து, பூஞ்சை செத்த பொடியாக இல்லாத தொட்டிகளில் போடுங்கள். பச்சைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, காபி வடிகட்டும் தாளில் இரண்டு முறை வடித்து அந்த நீரையும் ஊற்றுங்கள். பூஞ்சை வித்து தாளில் நின்றுவிடும், பாக்டீரியா இறங்கிவிடும். இப்போதுதான் வித்தியாசம் பூஞ்சையால் வந்தது என்று சொல்ல முடியும்.

விதை வெங்காயமோ மக்காச்சோளமோ போட்டு, தொட்டிக்கு ஒரு செடி விடுங்கள். எட்டு வாரம் கழித்து வேரோடு எடுத்து, கழுவி, எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து எடை போடுங்கள். பூஞ்சை உள்ள செடியின் எடையிலிருந்து இல்லாததைக் கழித்து, உள்ளதால் வகுத்து, நூறால் பெருக்கினால் அந்தப் பயிர் அந்த மண்ணில் பூஞ்சையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்ற சதவீதம் வரும். 12 கிராமும் 7 கிராமும் என்றால் ஏறக்குறைய 42 சதவீதம்.

முதல் இரண்டு மூன்று வாரம் வேம் போட்ட செடி பின்தங்கித் தெரியலாம். பயப்பட வேண்டாம், கூலியை முன்பணமாகக் கொடுக்கிறது. வெந்த மண்ணில் சூப்பரும் பூஞ்சையும் இல்லாத மக்காச்சோளத்தின் இலை ஓரம் ஊதாச் சிவப்பாக மாறும். அதுதான் மணிச்சத்துப் பசி. சூப்பர் போட்ட தொட்டிகளில் இந்த இடைவெளி சுருங்கும், சில சமயம் வேம் போட்டது கொஞ்சம் இளைத்தே நிற்கும். சத்து தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கூலி மட்டும் செலவு. கடைசியாகப் பச்சை மண் தொட்டிகள். அங்கே இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால், உங்கள் நிலத்தில் பூஞ்சை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அந்த நிலத்துக்கு வேம் வாங்க வேண்டாம், ஆறாம் படி போதும்.

சொந்தமாகப் பெருக்க

வேளாண்மைப் பல்கலைக்கழக முறை எளிது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலித்தீன் தாள் விரியுங்கள். 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ வேகவைத்த மண்ணும் கலந்து 20 செ.மீ. உயரம் நிரப்புங்கள். மேலிருந்து 2 முதல் 5 செ.மீ. கீழே ஒரு கிலோ தாய் வித்தைப் பரப்புங்கள். மக்காச்சோள விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இரண்டு நிமிடம் அலசி விதையுங்கள். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். சூப்பர் எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள்; செடி பசியோடு இருந்தால்தான் பூஞ்சை பெருகும். 30, 45-ம் நாளில் 10 கிராம் யூரியா. 60-ம் நாளில் செடியை அறுத்து, வேரைச் சிறு துண்டாக வெட்டி வெர்மிகுலைட்டோடு கலந்தால் 55 கிலோ கிடைக்கும். 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு இது போதும். நிழலில் உலர்த்தி, குளிர்ந்த இடத்தில் வைத்து, அடுத்த பருவத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வேருக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க

பாக்கெட்டைவிட, அறிக்கையைவிட நம்பகமானது வேர். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு நுண்ணோக்கி கிடைத்தால் போதும். மெல்லிய வேர்களைக் கழுவி ஒரு செ.மீ. துண்டாக்குங்கள். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கும் நீருக்கு மேல் வைத்து வேர் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சூடாக்குங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அது தோலை அரிக்கும். நன்றாக அலசிவிட்டு, வெள்ளை வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். அப்புறம் சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவைத்தால் வேரின் நிறம் போய், பூஞ்சையில் மட்டும் மை தங்கும்.

நூறு மடங்கில் பார்த்தால் வேரின் நீளவாக்கில் நீல நூல்கள் ஓடும். இடையிடையே கண்ணாடி மணி போல உருண்டைகள் இருக்கும், அவை பூஞ்சையின் கொழுப்புச் சேமிப்பு. நானூறு மடங்குக்குப் போனால், ஒரு செவ்வக அறைக்குள் நுழைந்த ஒற்றை இழை இரண்டாகி, நான்காகி, விளிம்பு தெரியாத மைப்புகை மாதிரி அறையை நிரப்பியிருப்பது தெரியும். அதுதான் ஆர்பஸ்கியூல். நூறு துண்டுகளைப் பார்த்து எத்தனையில் பூஞ்சை இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உரம் குறைத்த பாத்தியிலும் குறைக்காத பாத்தியிலும் தனித்தனியாக, நட்ட 30-ம் நாளும் 45-ம் நாளும் எண்ணுங்கள். பக்கத்திலேயே ஒரு முள்ளங்கி வேரையும் அதே மையில் போட்டு வையுங்கள். அதில் ஒன்றும் தெரியாது, சாயம் வேரில் தங்காமல் பூஞ்சையில் மட்டும் தங்கியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.